சன்னாசியின் இடது கை

கிளினிக்கில் ரத்தம் எடுக்கும் நாளுக்கு மூன்று நாள் முன்பே சன்னாசி பத்தியம் பிடிப்பார். பாகற்காய், வெள்ளரிக்காய், அவித்த முட்டை. சோற்றுப் பக்கம் திரும்பமாட்டார். விரலில் குத்திப் பார்த்தால் ஆறோ ஏழோ என்று நல்லபடியாகக் காட்டும். அன்றைக்கே எதிரே தெருவோர ஒட்டுக்கடையில் இரண்டு ரொட்டி சானாய், பாலும் சீனியும் கெட்டியாக ஒரு தே தாரிக். பரீட்சையில் தேறியவர் போல வீடு திரும்புவார்.

சித்தியவான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் செம்பனைக்கு மாறி லயத்து வீடுகளை இடித்தபோது, லாரிக் கிளீனராக ஈப்போவுக்கு வந்தார். இப்போது ஐம்பத்தேழு வயது, லகாட்டில் மலிவுவிலை வீடு. இருபத்திரண்டு வருடமாகத் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறார். பஸ்ஸில் ஒரு கண்ணாடிகூட உடைந்ததில்லை. இனிப்புநீர் வியாதி வந்து பன்னிரண்டு வருடமாகிறது.

இந்த முறை டாக்டர் தினேஸ்வரி விரல் கணக்கைப் பார்க்கவில்லை. நரம்பில் எடுத்த ரத்தத்தின் முடிவை சன்னாசி பக்கம் திருப்பினார்.

“அங்கிள், இது மூணு மாசத்துச் சராசரி. மூணு நாள் பட்டினி கிடந்தா இது இறங்காது. ஏழுக்குள்ள இருக்கணும், பதினொண்ணரை இருக்கு. பிரஷரும் கூட. இப்படியே போனா ஸ்ட்ரோக் வந்துரும். இன்சுலின் ஊசி ஆரம்பிச்சிரலாம்.”

“ஊசி மட்டும் வேணாம் டாக்டர். மாத்திரையைக் கூட்டிக் குடுங்க.”

“இதுக்கு மேல கூட்ட முடியாது அங்கிள். வாய் கோணினாலோ கை விழுந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துரணும். தானா சரியாப் போனாலும் வரணும், சரியா?”

வெளியே வந்ததும் மனைவி சரளா, “ஊசியைப் போட்டுக்கங்களேன்,” என்றாள்.

“ஊசி போடுறவனுக்கு பஸ் லைசென்ஸ் குடுக்கமாட்டானுங்க. நம்ம கம்பெனி டிரைவர் கோகிலன் சொன்னான். வீட்ல உக்காந்து உன் மூஞ்சியவா பாக்கச் சொல்றே?”

“கோகிலன் என்னா டாக்டரா? ஆபீஸ்ல போய்க் கேட்டீங்களா?”

“கேக்கப் போனா நானே காட்டிக் குடுத்த மாதிரிலா.”

சரளா வீட்டில் சீனி வாங்குவதை நிறுத்தினாள். அவர் ஒட்டுக்கடையில் தே குடித்தார். மாத்திரையைக் கையில் வைத்துத் தண்ணீரும் கொடுத்து எதிரிலேயே நிற்பாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

ஒரு திங்கட்கிழமை காலை பசியாறும்போது அவர் இடது கையிலிருந்து தேத்தண்ணி மங்கு நழுவி விழுந்தது. “என்னங்க?” என்றாள். வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. சொல் குழறியது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு அவள் திரும்பி ஓடி வருவதற்குள் எல்லாம் சரியாகியிருந்தது. கையை மடக்கி நீட்டிக் காட்டினார்.

“பாத்தியா? வாயு. நேத்து கடலை தின்னதுலா.”

“ஆஸ்பத்திரிக்குப் போலாங்க. சரியாப் போனாலும் வரணும்னு டாக்டர் சொன்னாங்கல்ல.”

“வந்தது போயிருச்சு. போனதைத் தேடிக்கிட்டு யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவாங்களா?”

அவர் சட்டை மாற்றப் போனார். சரளா கைபேசியில் கம்பெனி எண்ணைத் தேடி எடுத்தாள். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் பஸ்ஸில் முப்பது பேர். விரல் அந்த எண்ணின் மேலேயே நின்றது. வெளியே நிறுத்தியிருந்த பஸ் உறுமும் சத்தம் கேட்டதும், வீட்டில் கட்டியிருந்த கைலியோடு ஓடிப்போய் ஏறினாள். கதவோரத்து முன் இருக்கையில் உட்கார்ந்தாள்.

“இறங்கு.”

“மாட்டேன்.”

அடுத்த நிறுத்தத்தில் ஏறிய தொழிற்சாலைப் பெண் ஷர்மினி இருவரையும் பார்த்தாள். “என்னாண்ணே, புதுக் கண்டக்டரா? டிக்கெட் எவ்வளவுக்கா?”

“சும்மா ஏறு ஷர்மினி. எனக்குக் காவலாம்,” என்றார் சன்னாசி. பஸ்ஸே சிரித்தது. சரளா கியர் மேலிருந்த அவருடைய இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஒழுங்காகத்தான் வேலை செய்தது. அது நின்றால் தான் என்ன செய்யப்போகிறோம் என்று அவள் யோசித்திருக்கவில்லை.

மெங்லெம்பு சிவப்பு விளக்கில் கைப்பிரேக்கை இழுத்து நிறுத்தினார். பச்சை விழுந்தது. பஸ் நகரவில்லை. பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்தது.

“ஏங்க, பச்சை.”

“தெ...யுது. இரு.”

வலது கையால் இடது கையைத் தூக்கி கியர் மேல் வைத்தார். அது சரிந்து தொடையில் விழுந்தது. மறுபடியும் தூக்கி வைத்தார்.

“ஷர்மினி, ஆம்புலன்சைக் கூப்பிடும்மா!” என்று கத்தினாள் சரளா.

இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. சரளா குனிந்து தேடினாள். எதைத் திருப்பினால் நிற்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் அவள் இந்த பஸ்ஸில் ஏறியதே இன்றைக்குத்தான். “எப்படிங்க நிறுத்துறது? சொல்லுங்க.” அவர் ஏதோ சொன்னார். எச்சில்தான் வழிந்தது. பின்னாலிருந்து ஒருத்தி வந்து சாவியைத் திருப்பி அணைத்தாள். ஷர்மினி மலாயில் இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

சன்னாசி உடம்பைச் சாய்த்து, வலது கையால் கியரை இழுத்துக்கொண்டிருந்தார். சரளா அந்தக் கையைப் பிடித்தாள். அது நல்ல கை. இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். அவளால் அதை கியரிலிருந்து எடுக்க முடியவில்லை.