அம்மாவைத் தேடிய சனிக்கிழமை

மகள் கதிரையில் எறிந்துவிட்டுப் போன நனைந்த செம்மஞ்சள் மழையங்கியின் றப்பர் வாடையோடு, ஒஸ்லோவில் ட்வெய்ட்டாக் காட்டோரம் இரண்டாயிரமாம் ஆண்டுகளில் இருந்த, இப்போது இல்லாமற்போன, சிறுவர்களுக்கு மீட்புப் பணி பழக்கிய எங்கள் குழுவின் மரக்கொட்டில் திரும்பி வருகிறது: ஆணிகளில் தொங்கிய ஈரக் கயிறுகள், அடுப்பருகே காய்ந்த கையுறைகள், சனிக்கிழமைதோறும் பயிற்சிக்காக யாரையாவது காட்டுக்குள் ஒளியவிட்டு, வரிசையாக நடந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, விசில் ஊதியதும் அப்படியே நின்று பதிலுக்குக் காதுகொடுத்த அந்த நேரங்கள்.

ஒளிய ஆள் கிடைக்காத ஒரு சனிக்கிழமை, எங்களுக்குச் சாப்பிட றோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்த அம்மாவை நான்தான் அனுப்பினேன்; பெயரைக் கேட்டால் குரல் கொடுக்கச் சொல்லித்தான் அனுப்பினேன். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிய பிறகே, விழுந்த மரமொன்றின் அடியில், வாயைக் கையால் பொத்தியபடி குப்புறக் கிடந்தவரைக் கண்டோம்.

"கூப்பிட்டது கேக்கேல்லையாம்மா?"

"கேட்டது பிள்ளை. ஊரிலை ஆமிக்காரர் எங்களைத் தேடேக்கை மூச்சுக் காட்டாமக் கிடந்து பழகின உடம்பு. வாய் திறக்கேல்லை."

என்னவாம் என்று குழுத்தலைவர் கேட்டார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அம்மாவுக்குக் காது மந்தம் என்று நோர்வேஜிய மொழியில் சொன்னேன்.

அதன்பிறகு அந்தக் கொட்டிலில் எல்லோரும் அம்மாவோடு அன்பாக, உரக்கக் கத்தியே பேசினார்கள். ஒவ்வொரு முறையும் அவர் திடுக்கிட்டு, பிறகு சிரித்தார்.