உமியின் அடியில் ஒரு குறுங்கோள்

என் தங்கை அகல்யாவின் கணவர் லோகநாதன், ஆரணி மீன் மார்க்கெட்டை ஒட்டி ஐஸ் டிப்போ நடத்துகிறார். எங்கள் இரு குடும்பங்களிலும் பட்டுத் தறியையும் பட்டு வியாபாரத்தையும் விட்டு வெளியே போன முதல் ஆள் அவர்தான். 2025 மே மாதத்தில் அவருடைய கொட்டகையில் நடந்ததை அவரிடமும், அகல்யாவிடமும், அவர்கள் மகள் தமிழ்ச்செல்வியிடமும் தனித்தனியே கேட்டு இங்கே எழுதுகிறேன். ஒருவர் சொன்னது மற்றவர் சொன்னதோடு ஒத்துப்போகாத இடத்தில் இரண்டையும் குறித்திருக்கிறேன்.

லோகநாதனின் தொழில் எளிமையானது. விடியலில் லாரியில் ஐஸ் பார்கள் வந்து இறங்கும். களம்பூர் அரிசி ஆலைகளின் உமியைத் தரையில் பரப்பி, பார்களை அடுக்கி, மீண்டும் உமியால் மூடி, மேலே ஈரச் சாக்கு போடுவார். பார்ப்பவர் கண்ணுக்கு அது வெறும் பழுப்பு மேடு. உள்ளே ஐஸ் கரையக் கரைய மேட்டின் முகம் மாறும்: ஓரிடம் குழியும், ஓரிடம் வெடிக்கும், ஒரு பக்கம் மொத்தமாகச் சரியும். அந்த முகத்தைப் பார்த்தே எங்கே முழுப் பார் இருக்கிறது என்று கணித்துத் தோண்டுவார். கணிப்பு அடிக்கடி தவறும். தவறும்போது மீன்காரர் காத்தவராயன் அவரை விடமாட்டார்.

"இன்னா லோகு, ஐஸ் விக்கிறியா, உமி விக்கிறியா?"

"ரெண்டையும் எடுத்துகினு போ. உமி இனாம்."

தமிழ்ச்செல்வி வேலூரில் ஒரு கல்லூரியில் நிலவியல் முதுகலை படித்தாள். அவள் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்ட பொருள் சீரிஸ் என்னும் குறுங்கோள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சூரியனைச் சுற்றும் சிறு உலகம் அது. ஆரணியில் நிற்கும் நாம் வெறுங்கண்ணால் அதைக் காண இயலாது. விண்கலம் ஒன்று அதை நெருங்கிச் சுற்றி எடுத்த படங்களை அவள் கைப்பேசியில் வீட்டாருக்குக் காட்டினாள். மேலே கரித்தூள் போன்ற இருண்ட மண். அடியில் பனிக்கட்டியும் கல்லும் உப்பும் கலந்த தரை. விண்கற்கள் மோதி உண்டாக்கிய பெரும்பள்ளங்கள் அங்கே நிறைய இருந்திருக்க வேண்டும். இருப்பவை எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. அடியிலுள்ள பனி மிக மெல்ல நகர்ந்து பழைய பள்ளங்களைத் தூர்த்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். துருவங்களின் பக்கம் மண்சரிவுகள் தடித்த நாக்குகளைப் போல நீண்டு கிடக்கின்றன. உறைந்த உப்புச் சேறு உள்ளிருந்து உந்தி எழுப்பிய மலை ஒன்று, சுற்றிலும் சமதரையாக இருக்க, தனியே நிற்கிறது.

லோகநாதன் அந்தப் படங்களை வெகுநேரம் பார்த்தார். "இது நம்ம மேடும்மா" என்றார். "அங்க யாரு டிப்போ வெச்சிகினு கீறாங்க?"

"யாரும் இல்ல நைனா. தானாவே கீது."

"நம்ம ஐஸு சாயங்காலம் வரைக்கும் தாங்கல. அது எத்தினி வருஷமா கீது?"

"நானூறு கோடிக்கும் மேல."

அவர் எழுந்து போய்ச் சாக்கை மேலும் ஒருமுறை நனைத்துவிட்டு வந்தார் என்று அகல்யா சொல்கிறாள்.

ஆய்வேட்டோடு சோதனைப் படங்களையும் திங்கட்கிழமை சமர்ப்பிக்க வேண்டியிருந்தது. தவறினால் தேர்வு அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போகும். ஆராய்ச்சிப் படிப்பில் அவளுக்குக் கிடைத்திருந்த இடமும் போய்விடும். கல்லூரியின் குளிர்பெட்டி பழுதாகிவிட்டதால், சனிக்கிழமை காலை அவள் கொட்டகையிலேயே இரண்டு தட்டுகளை வைத்தாள். ஒன்றில் மண்ணும் கரித்தூளும் மட்டும். மற்றொன்றில் ஐஸ் துண்டு, அதன்மேல் அதே கலவை. இரண்டிலும் சிறு கிண்ணத்தை அழுத்திப் பள்ளம் செய்தாள். அடியில் ஐஸ் உள்ள பள்ளம் எப்படி உருமாறுகிறது என்பதை மாலைவரை படமெடுக்க வேண்டும். அதற்குள் ஆய்வேட்டில் வழிகாட்டிப் பேராசிரியரின் கையொப்பம் வாங்க அவள் வேலூர் போகவேண்டியிருந்தது.

"நைனா, மணிக்கொருவாட்டி போட்டோ எடு. வேற எதுவும் செய்யாத."

"போய்ட்டு ஜல்தியா வா. நான் பாத்துக்கறேன்."

தகரக் கூரை காய்ந்தது. தட்டின் ஓரத்தில் நீர் கசிந்தது. ஐஸ் முழுவதும் போய்விட்டால் மகளின் ஆண்டே போய்விடும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. இளம்வயதில் அவர் ஐஸ்கிரீம் வண்டி தள்ளியவர். பானையைச் சுற்றி ஐஸ் உடைத்துப் போட்டுக் கல்லுப்பைத் தூவினால் குளிர் ஏறும். அது அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வது. மண்ணின் ஓரத்தை விலக்கி, ஐஸின்மேல் கல்லுப்பைக் கைநிறைய அள்ளிப் போட்டு மூடிவிட்டார். நீர் கசிந்த பிறகுதான் போட்டதாக அவர் சொல்கிறார். கசிவதற்கு முன்பே பயந்துபோய்ப் போட்டார் என்கிறாள் அகல்யா.

உப்பு குளிரை ஏற்றியது உண்மை. ஆனால் ஐஸை உருக்கித்தான் அது குளிரை ஏற்றும். தமிழ்ச்செல்வி திரும்பி வந்தபோது பள்ளம் இருந்த இடத்தில் கருஞ்சேறுதான் இருந்தது.

"இன்னா நைனா பண்ண?"

"உப்பு போட்டேன். ஜில்லுன்னு இருக்கட்டும்னு..."

"இன்னா குல்ஃபியா இது?"

அவள் அழுதாள். அவர் தட்டைச் சுவரோரம் நகர்த்தி வைத்தார். அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிறு காலை கொட்டகையைத் திறந்தவள் அகல்யா. "ஏ செல்வி, தட்டுல யாரு மாவு கொட்டனது?" என்று கூவினாள்.

சேறு காய்ந்திருந்தது. கரிய பரப்பின் தாழ்ந்த இடத்தில், பள்ளம் இருந்த இடத்தின் நடுவே, வெள்ளை வெளேரென்று ஒரு திட்டு. அதைச் சுற்றிச் சிறு புள்ளிகள். தொட்டால் பொருபொருவென்று உதிர்ந்தது. தமிழ்ச்செல்வி தரையில் உட்கார்ந்து, கைப்பேசியில் பழைய விண்கலப் படம் ஒன்றைத் திறந்து தட்டின் அருகே பிடித்தாள். சீரிஸின் பெரும்பள்ளம் ஒன்றின் நடுவே அதே போன்ற வெண்திட்டு இருந்தது. அடியிலிருந்த உப்புநீர் வெடிப்புகள் வழியே மேலே வந்து, காற்றில்லாத வெளியில் நீர் மட்டும் மறைந்து, உப்பு தங்கிய இடம் அது. உப்பு கலந்திருப்பதால்தான் அத்தனை குளிரிலும் அந்த நீர் முழுக்க உறையாமல் இருந்திருக்கிறது.

"கல்லுப்பா அது?" என்றாள் அகல்யா.

"பெரும்பாலும் சோடா மாதிரிம்மா."

"நூல் வேகவெக்கறமே, அந்தச் சோடாவா?"

"கிட்டத்தட்ட அதே வகைதான்."

பட்டு நூலின் பசையை நீக்கத் தலைமுறைகளாக எங்கள் வீடுகளில் கொதிநீரில் இட்ட பொருள், செவ்வாய்க்கு அப்பால் ஓர் உலகின் நெற்றியில் இருக்கிறது. அகல்யா தன்னையறியாமல் கைகூப்பியதாகத் தமிழ்ச்செல்வி சொன்னாள். அகல்யா இதை மறுக்கிறாள்.

தற்செயலாக ஒருமுறை நடந்ததை ஆய்வேட்டில் சேர்க்க முடியாது. மறுபடி செய்தால் மறுபடி வரவேண்டும். தமிழ்ச்செல்வி தந்தையிடம் தராசை நீட்டினாள்.

"நேத்து போட்ட மாதிரியே போடு நைனா. எடை போட்டுட்டுப் போடு."

"திட்டமாட்டியே?"

"போடலன்னாதான் திட்டுவேன்."

அன்று மேட்டில் மிஞ்சியது ஒரே பார். அதைக் காத்தவராயன் முன்பே சொல்லி வைத்திருந்தார்.

"உன் பொண்ணு கிரகத்துக்காக என் வஞ்சரம் நாறணுமா?"

"பாதி எடுத்துக்க அண்ணே."

"பேஜாரா போச்சு உங்கூட" என்றவர், பாதியை வாங்கிக்கொண்டு போகாமல் அங்கேயே நின்றுவிட்டார்.

இம்முறை மூன்று தட்டுகள்: மண் மட்டும் ஒன்று, ஐஸ் வைத்தது ஒன்று, ஐஸும் உப்பும் ஒன்று. மூன்றையும் வெயிலில் வைத்தார்கள். முதல் தட்டில் பள்ளம் அப்படியே இருந்தது. இரண்டாவதில் விளிம்பு தாழ்ந்து, தரை மெல்லச் சமமாகியது. அவளுக்கு முதலில் வேண்டியிருந்த படம் அது. மூன்றாவது கருஞ்சேறாகிக் கிடந்தது. பிற்பகலில் அதன் நடுவே நரைமுடி போல ஏதோ தெரிந்தது. பிறகு அது படர்ந்தது. யாரும் மேலே எதையும் ஊற்றவில்லை, தூவவில்லை. அடியில் மறைந்திருந்தது, மேலே தன் இடத்தைத் தானே தேர்ந்துகொண்டு வெளிப்பட்டது. நால்வரும் வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அங்க இன்னும் ஏறிகினு கீதா?" என்று லோகநாதன் மெல்லக் கேட்டார்.

"அடியில இன்னும் உப்புத்தண்ணி கீதுன்னு நெனைக்கறாங்க நைனா."

திங்கட்கிழமை தமிழ்ச்செல்வி மூன்று தட்டுகளின் படங்களையும் கொண்டுபோனாள். உப்புச் சோதனை எப்படித் தோன்றியது என்று தேர்வாளர்கள் கேட்டார்கள். ஐஸைக் காப்பதற்காகத் தந்தை போட்ட உப்பு, முதலில் சோதனையைக் கெடுத்தது என்று உள்ளதைச் சொன்னாள். அதையும் ஆய்வேட்டில் எழுதிச் சேர்க்கச் சொல்லி ஏற்றுக்கொண்டார்கள். ஆராய்ச்சிப் படிப்புக்கான இடம் அவளுக்கு நிலைத்தது.

அவள் கைப்பேசியில் இதைச் சொன்னபோது லோகநாதன் உமி மேட்டின் முன் குந்தியிருந்தார். பேசி முடித்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. வாடிக்கையாளர் இருவர் காத்திருந்தார்கள். மேட்டின் ஒரு மூலையில் உமி, கண்ணுக்குத் தெரியாத அளவு மெதுவாக, உள்வாங்கிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை தோண்ட அவருக்கு மனம் வரவில்லை.