அக்காவின் திருட்டுப் படிப்பு

என் அக்கா பி.ஏ. படித்தது யாருக்கும் தெரியக் கூடாது. வீட்டை விட்டு ஓடத் திட்டம் போடுகிறவள் மாதிரி மறைத்து மறைத்துப் படித்தாள்.

காரணம் அவள் பார்த்த வேலை. செய்யாறு பக்கம் பை தைக்கிற கம்பெனி. மிஷினில் உட்கார பத்தாவது, பன்னிரண்டாவது படித்தவர்கள்தான் வேண்டும். அதற்கு மேல் படித்திருந்தாலும் ஆகாது, படித்துக்கொண்டிருந்தாலும் ஆகாது. சேரும்போதே ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். படித்தவர்கள் கேள்வி கேட்பார்களாம். குடித்துவிட்டு வருகிறவனுக்கு அங்கே வேலை இருந்தது. படிக்கிறவளுக்கு இல்லை. இது என்ன நியாயம்? இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. பிற்பாடு நானும் பத்தாவதோடு நின்று வேறொரு கம்பெனியில் சேர்ந்தேன். அங்கேயும் அதே மாதிரி ஒரு தாள். எனக்குப் பயமில்லாமல் கையெழுத்துப் போட முடிந்தது. மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

அக்கா விடிகாலை ஐந்தரைக்கு ஆரணியில் கம்பெனி பஸ் ஏறுவாள். சாயங்காலம் ஏழுக்கு மேல் இறங்குவாள். மணிக்கு இத்தனை பை தைத்தாக வேண்டும். தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட ஏன் என்று கேட்பார்கள். வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்தால் தட்டு கையில் இருக்கும்போதே கண் சொருகிவிடும். தபாலில் வந்த பாடப் புத்தகங்கள் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன. பஸ்ஸில் போக வர மூன்று மணி நேரம் சும்மாதான் இருந்தாள். ஆனால் புத்தகத்தைத் திறந்தால் ஐம்பது பேர் பார்ப்பார்கள்.

அதனால் என்னைப் பிடித்தாள். நான் அப்போது ஆறாவது. தமிழைத் தடங்கல் இல்லாமல் வாசிப்பேன், அது ஒன்றுதான் எனக்கு வரும். பள்ளி விட்டு வந்ததும் அப்பாவின் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே போய்விடுவேன். அங்கேதான் அப்பாவின் தறிச் சத்தம் விழாது. வரலாற்றுப் பாடத்தைப் பக்கம் பக்கமாக வாசித்துப் பதிவு செய்வேன். அக்கா வந்ததும் தன் போனுக்கு அனுப்பிக்கொள்வாள். மறுநாள் பஸ்ஸில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கேட்பாள். பார்க்கிறவர்களுக்குப் பாட்டு.

"இன்னிக்கு எத்தினி சுல்தான் செத்தாங்க பாப்பா?" என்று அப்பா தறியில் இருந்தபடியே கேட்பார்.

இப்படியே இரண்டு வருஷத்துப் பரீட்சையும் ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதிப் பாஸ் ஆனாள். கடைசி வருஷப் பரீட்சைக்குப் பத்து நாள் இருந்தது.

அன்றைக்கு அக்கா சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போய்விட்டாள். நான் எடுத்துக்கொண்டு ஓடினேன். பஸ் நின்றுகொண்டிருந்தது. முன் சீட்டில், அக்காவின் வேலையை மேற்பார்க்கிற லைன் லீடர் அம்மா. முதல் நாள் அக்கா தூக்கக் கலக்கத்தில் பைகளுக்குத் தோளில் மாட்டும் வாரைத் திருப்பிப் போட்டுத் தைத்துவிட்டாளாம்.

"வாம்மே மகாராணி. நேத்து வாரைத் திருப்பி வெச்ச. இன்னிக்கு சோத்தை மறந்துட்டு வந்துகினு கீற. பத்தாவது எப்டிமே பாஸ் பண்ண? பிட்டு அடிச்சியா?"

பஸ்ஸே சிரித்தது.

"ஆமாங்க்கா. பக்கத்துல குந்தினு இருந்தவ காட்டினா" என்றாள் அக்கா. அவளும் சிரித்தாள்.

அவள் சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. படிக்கட்டில் ஏறி நின்று கத்தினேன். "எங்க அக்கா ஒண்ணும் பிட்டு அடிக்கல. அது பி.ஏ. படிக்குது! ரெண்டு வருசமும் பாஸு! நான்தான் போன்ல படிச்சிக் குடுக்கறேன், பஸ்ல கேட்டுகினே போவுது!"

டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்தார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அக்கா டப்பாவை வாங்கிக்கொண்டு, "வூட்டுக்குப் போ பாப்பா" என்றாள். அவ்வளவுதான்.

பள்ளி விட்டு வந்தபோது அக்கா வீட்டில் இருந்தாள். அப்பா தறியை நிறுத்தியிருந்தார்.

"இன்னா தப்பு பண்ணியாம்?"

"படிச்சேனாம்."

"நான் வந்து கேக்கறேன்."

"வேணாம்பா. கையெழுத்துப் போட்டது நான்தான்."

அம்மா என் முதுகில் இரண்டு வைத்தாள். "வாய வெச்சிகினு சும்மா இருந்தியாடி?" உண்மையைச் சொன்னதற்கு எதற்கு அடி? எனக்கு ஆத்திரமாக வந்தது. அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதற்கும் ஆத்திரம் வந்தது. அடுத்த வாரமே பவர்லூம் ஷெட்டுக்கு வேலைக்குப் போனாள். அந்த இரைச்சலில் எந்த ஒயரும் கேட்காது. சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்து மரத்தடியில் என் சுல்தான்களைக் கேட்டாள். பரீட்சை எழுதினாள், பாஸும் ஆனாள். பை தைக்கவே படிப்பு ஆகாது என்றார்களே, அந்தப் படிப்பை முடித்தாள்.

அவளை வேலையை விட்டு நிறுத்திய வாரம், ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி பஸ்ஸில் வருகிற ஒரு பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"பாப்பாவுக்கு எங்க பேருலாம் தெரியுமாக்கா?"

"தெரியாது."

"நெசமாத் தெரியாதா?"

"நான் சொன்னதே இல்ல. பயப்படாத."

"இனிமே ஒண்ணும் அனுப்பாதக்கா. இருந்ததெல்லாம் அழிச்சிட்டோம்."

அந்தப் பஸ்ஸில் இன்னும் மூன்று பேர் என் குரலைக் கேட்டுத் திருட்டுத்தனமாகப் படித்துக்கொண்டிருந்தார்கள் என்று பல வருஷம் கழித்துத்தான் அக்கா சொன்னாள். மூன்று பேரும் அந்த வருஷம் பரீட்சை எழுதவில்லையாம்.

அன்றைக்கு எனக்கு அது எதுவும் தெரியாது. நான் பேசிய பேச்சில் அசந்துபோய் என்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். வாசல் வரைக்கும் பின்னாலேயே போனேன்.

"உங்க பேரு இன்னாக்கா?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். செருப்பைக் காலில்கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள்.