சுபைறா மிஸ்ஸி சொன்ன சொல்

சாய்ந்தமருது சுபைறா தாதி வேலைக்குப் போனபோது ஊர் அவளை வாயில் போட்டு மென்றது. பிறகு வீட்டில் ஒருத்திக்கு நோவு கண்டால் போதும், அதே வாய் "ஆஸ்பத்திரியில நம்மட சுபைறா மிஸ்ஸி இரிக்கா" என்று உருகும். ஊர் வாய்க்கு வெட்கம் ஏது?

அந்த ஆஸ்பத்திரியில் முஸ்லிம் தாதி அவள் ஒருத்திதான். ஊர்ப் பெண்கள் அவளுக்கு மட்டுமே உடம்பைக் காட்டுவார்கள். பிரசவ வாட்டு, பெண்கள் வாட்டு, மருந்து கட்டும் அறை என்று எல்லாப் பக்கமும் அவளையே இழுத்தார்கள். நோன்பு நாளிலும் உட்கார நேரமில்லை. இன்னொரு ஆள் கேட்டால், "கொழும்புக்கு எழுதியிருக்கு" என்பார் மேட்ரன். எழுதினாரோ இல்லையோ, ஆள் வரவில்லை.

பிரசவ வாட்டில் கூட வேலை செய்த காரைதீவுத் தங்கரத்தினம் கைராசிக்காரி. ஒருமுறை அவசரத்தில் ஒரு பெண்ணின் போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டாள். கணவன்காரன் முறையிட, மேட்ரன் வாட்டு முழுக்கக் கேட்க அவளைக் கிழித்தெடுத்தார். அதன்பின் சம்மதம் இல்லாமல் அவள் எந்தப் போர்வையையும் தொட்டதில்லை.

சுபைறா நினைத்திருந்தால் இதை மாற்றியிருக்கலாம். "தங்கரத்தினமும் நானும் ஒண்டுதான்" என்று ஒரு சொல் போதும். சொல்லவில்லை. கால் கடுத்தாலும், தான் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்பதில் அவளுக்கு ஒரு ருசி இருந்தது. தலைப்பிள்ளை பெற வந்து நடுங்கிக்கொண்டிருந்த ஹாஜறாவிடமும், "பயப்புடாத புள்ள. என்னத் தவிர வேற ஆரையும் தொட உடாத" என்றுதான் சொன்னாள்.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. மறுநாள் பகல், சுபைறா மருந்து கட்டும் அறையில் பாலமுனைக்காரி ஒருத்தியின் வெந்த காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். வாட்டைக் கூட்டுகிற பெண் ஓடி வந்தாள்.

"மிஸ்ஸி, ஹாஜறாட முகம் வெளுத்துப் போச்சு. தங்கரத்தினம் மிஸ்ஸியப் பாக்க உடுறா இல்ல. நீங்கதான் வரணுமாம்."

"வாறன் எண்டு சொல்லு."

உள்ளுக்குள் கொஞ்சம் இனித்தது. அந்தக் காலைக் கட்டி முடித்தாள். காத்திருந்த அடுத்தவளின் கட்டையும் அவிழ்த்தாள்.

அவள் போய்ப் போர்வையை விலக்கியபோது மெத்தையெல்லாம் இரத்தம். டாக்டர் ஓடி வந்தும் பலனில்லை. தங்கரத்தினம் சுவரோரம் நின்று அழுதாள். யாரையும் குறை சொல்லவில்லை.

பிறகு வேலையில் இருந்த காலமெல்லாம், வாட்டுக்கு வரும் ஒவ்வொருத்தியின் கையையும் பிடித்துத் தங்கரத்தினத்தின் கையில் வைத்தாள் சுபைறா. பிந்திய புத்திதான், பாவம். வைக்கும்போதெல்லாம், பேரப்பிள்ளையை ஏந்தியபடி மகளின் மையித்தோடு வண்டியேறப் போன ஹாஜறாவின் உம்மா அவள் கையைப் பிடித்து நன்றியோடு சொன்னது காதில் கேட்கும்:

"அல்லாஹ்ட நாட்டம், மகள். நீங்க சொன்னபடியே, கடைசி வரைக்கும் வேற ஆரையும் தொட உடல்ல."