‘என் நிலம்’ என்று சொன்ன அண்ணன்

அடுப்பில் பால் பொங்கும் நேரத்தில் ஊரிலிருந்து செல்வி போன் செய்தாள். “அக்கா, நம்ம பண்ணையாரு போயிட்டாருக்கா. காப்பிக்கு இன்னும் கொஞ்சம் சக்கரை கேட்டாரு. எடுத்துட்டு வந்து பாத்தா அப்படியே சாஞ்சு கெடக்காரு” என்றாள். நான் அழுதேன், அழுதுகொண்டே சிரித்தும் விட்டேன். நிலக்காரர்களை ஆண்டை, பண்ணை என்று கூப்பிடுவதையெல்லாம் எப்போதோ தூக்கிப்போட்ட தெரு செல்வியின் தெரு. அந்தத் தெருவே கடைசிவரை ஒரே ஒரு ஆளைப் பண்ணையார் என்று கூப்பிட்டது. அது என் அண்ணன் அருளப்பன்.

அவனை அறிந்தவர்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. எழுபது வயதைத் தாண்டியும் அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட வராது. நேற்றும் நாளையும் அவனுக்கு ஒன்றுதான். மூளை வளர்ச்சி குறைவு என்று தஞ்சாவூர் டாக்டர் சொன்னார். ஊர் அதைவிட மோசமான வார்த்தைகளைச் சொன்னது. ஆனால் அடக்கத்தன்று ஒரு சின்னப் பெண், “அவரை ஏன் பண்ணையாருன்னு சொல்றாங்க, கிண்டலா?” என்று என்னிடம் கேட்டாள். கிண்டலில்தான் ஆரம்பித்தது. அந்தக் கதையைச் சொல்ல அப்போதிருந்தே எனக்கு வாய் துறுதுறுக்கிறது.

நன்னிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா நிலபுலம் உள்ளவர், கோயில் திருவிழாவில் முதல் மரியாதை வாங்குகிறவர். வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் வாயில் முதலில் வருவது “உள்ள போடா” என்பதுதான். அண்ணனும் உடனே கொல்லைப்பக்கம் போய்விடுவான். அவனைவிட எட்டு வயது இளையவளான நானும் பின்னாலேயே ஓடுவேன். மாட்டுக்கொட்டகையில் எங்கள் இருவருக்கும் தனி ராஜ்யம்! அம்மா ஒரு முறுக்கைக் கொடுத்து “இது உன்னுது” என்று சொல்லிவிட்டால் போதும். “என் முறுக்கு! என் முறுக்கு!” என்று கத்திக்கொண்டே உடைத்து எனக்கும் வேலைக்காரர்களுக்கும் ஆளுக்கொரு துண்டு கொடுப்பான். தன்னுடையது என்றால் கொடுக்கலாம் என்று அர்த்தம். அடுத்தவருடையது என்றால் தொடக்கூடாது. அவன் சட்டப் புத்தகம் அவ்வளவுதான்.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும், அப்போது ஆட்சி மாறியிருந்தது. ஒரு குடும்பம் இவ்வளவுக்கு மேல் நிலம் வைத்துக்கொள்ளக்கூடாது என்று உச்சவரம்பைக் குறைத்துவிட்டார்கள். வயசுக்கு வந்த மகனுக்குத் தனியாக நிலம் இருக்கலாம் என்பது மிராசுதார்களுக்குத் தெரிந்ததும் ஊர் ஊராகப் பத்திர எழுத்தர்களுக்குக் கொண்டாட்டம்! அப்பாவும் வாய்க்கால் ஓர நிலத்தை அண்ணன் பேருக்கு எழுதினார். தாசில்தார் நேரில் வந்து விசாரிப்பார், மகனே விவசாயம் பார்க்கிறான் என்று காட்டவேண்டும். அண்ணனுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

“இந்த வேலை முடியட்டும். அப்புறம் இவனைத் திருச்சியில கன்னியாஸ்திரீங்க விடுதியில விட்டுடலாம், பேசியாச்சு” என்று அப்பா அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அண்ணன் இல்லாத மாட்டுக்கொட்டகையை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அவன் நன்றாகப் பதில் சொல்லிவிட்டால் அப்பா மனம் மாறிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதலில் அவன் மடக்கவே முடியாத உண்மை விளம்பியாக இருந்தான். “நிலம் யாருது?” என்றால் “அப்பா நிலம்” என்பான். முறுக்கைக் காட்டி ஆரம்பித்து, கன்றுக்குட்டிக்குப் போய், கடைசியில் வயல் வரப்பில் அவனை நிறுத்தி, “அப்பா இதை உனக்குக் குடுத்துட்டாரு. இது உன்னுது” என்றேன். கதிரைத் தொட்டுப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நெஞ்சில் ஓங்கி அடித்துக்கொண்டு, “என் நிலம்!” என்றான். பிறகு “கூலி யாரு குடுப்பா?” என்பதற்கு “நான்தான்” என்று சொல்லவைத்தேன். அப்பா சொல்லச் சொன்ன பதில் அது!

தாசில்தார் வந்த அன்று அண்ணனுக்கு வெள்ளைச் சட்டை, அப்பாவின் கைக்கடிகாரம், எண்ணெய் வழிய வாரிய தலை. ஜீப்பைச் சுற்றி ஊரே நின்றது. அண்ணன் “என் நிலம்!” என்று போட்ட சத்தத்தில் காக்காய்கள் பறந்தன. “கூலி?” “நான்தான்!” தாசில்தார் அவனை ஒரு தினுசாகப் பார்த்தார். அறுவடையையும் பார்த்துத்தான் முடிவு சொல்வேன் என்று தலையாரியை எங்கள் வயலிலேயே காவல் வைத்துவிட்டுப் போனார்.

குறுவை நெல் முற்றித் தலை சாய்ந்து நின்றது. ஐப்பசி மழை எப்போது வேண்டுமானாலும் இறங்கும். பாதி வயல் அறுத்து அடித்துக் களத்தில் நெல் குவிந்த மாலை, செங்கொடிச் சங்கத்து மாணிக்கம் முன்னால் வந்தார். செல்வியின் அப்பா அவர். “அய்யா, கூலிநெல்லு அரை மரக்கா கூடுதலாப் போட்டாத்தான் மீதியை அறுப்போம்” என்றார். “முடியாது. நாளைக்கே வெளியூர் ஆளை லாரியில கொண்டாந்து இறக்குறேன்” என்றார் அப்பா. அக்கம்பக்கத்து ஊர்களில் இதே பேச்சு அடிதடி வரைக்கும், அதற்கு மேலும் போயிருந்த காலம். பெண்கள் பிள்ளைகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்கள்.

மாணிக்கம் தலையாரியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, “நிலத்துக்குச் சொந்தக்காரரு சொல்லட்டுங்க” என்று அண்ணன் பக்கம் திரும்பினார்.

“சின்னய்யா, நிலம் யாருது?”

“என் நிலம்!”

“கூலி யாரு குடுப்பா?”

“நான்தான்!”

களமே சிரித்தது. எனக்கும் சிரிப்புத்தான். ஆனால் அண்ணன் சிரிக்கவில்லை. நெல் அளக்க நின்ற கணக்குப்பிள்ளை கையிலிருந்து மரக்காலைப் பிடுங்கி, குவியலில் முக்கி, தலை தட்டாமல் கூம்பாக அள்ளி மாணிக்கத்தின் துண்டில் கொட்டினான். “கோபுரமா! கோபுரமா!” என்று கத்திக்கொண்டே அடுத்தவருக்கு, அதற்கடுத்தவருக்கு! அப்பா கையை ஓங்கிக்கொண்டு போனார். கணக்குப்பிள்ளை அவர் காதருகே, “தலையாரி பாத்துக்கிட்டு நிக்கிறான், சின்னய்யா நிலம் இல்லன்னு நீங்களே சொல்லிடாதீங்க” என்றார். ஓங்கிய கை அப்படியே நின்று மெல்ல இறங்கியது. அந்தக் கை இறங்கியதை நான் என் கண்ணால் பார்த்தேன், ஐயா! கடைசியில் மாணிக்கமே ஓடிவந்து, “போதும் சின்னய்யா, விதைநெல்லையாவது வைங்க!” என்று அவனைக் கட்டிப்பிடித்து நிறுத்தவேண்டியதாயிற்று.

மறுநாள் காலையில் அம்மா அழுதுகொண்டே அண்ணன் துணிகளை டிரங்குப் பெட்டியில் அடுக்கினாள். களத்தில் நடந்ததன் கோபத்தில் அப்பா அறுவடை முடியும்வரைகூடப் பொறுக்காமல் திருச்சிக்கு வண்டி சொல்லிவிட்டார். வானம் கறுத்து நின்றது. அப்போது வாசலில் மாணிக்கமும் ஆட்களும் அரிவாளோடு வந்து நின்றார்கள். அப்பா வெளியே போய், “வயலுக்குப் போறதுக்கு என்ன?” என்றார். “பண்ணையாரு வரட்டுங்க. அவரு வந்து நின்னாத்தான் அருவா வெப்போம்” என்றார் மாணிக்கம்.

“எந்தப் பண்ணையாரு?”

“எங்களுக்கு ஒரே பண்ணையாருதான். அருளப்பன்.”

அப்பா மேகத்தைப் பார்த்தார். மிச்ச வயல் இருந்த திசையைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து “உள்ள போடா” என்பதை மட்டுமே கேட்டு வளர்ந்த என் அண்ணனைப் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, “அருளு… வெளிய வாடா” என்றார். நான் போட்ட கூச்சலில் அம்மா கையிலிருந்த வேட்டி கீழே விழுந்தது. மழை வருவதற்குள் வயல் முழுவதும் அறுத்தாகிவிட்டது. அந்தப் பெட்டி அதன்பிறகு திருச்சிக்குப் போகவில்லை.

அப்பாவின் தந்திரம் பலித்ததா என்று கேட்பீர்கள். பாதி பலித்தது. அண்ணன் பேரில் இருந்தது தங்கியது, அப்பா வேறு பெயர்களில் எழுதி வைத்திருந்ததை அரசாங்கம் எடுத்துக் கூலி ஆட்களுக்குப் பிரித்தது. மாணிக்கத்துக்கும் ஒரு துண்டு கிடைத்தது. அப்பா அன்று சாப்பிடவில்லை. அண்ணனோ அந்த வயலுக்கே போய், மாணிக்கத்தின் நெஞ்சில் கையை வைத்து, “உன் நிலம்!” என்று சொல்லிக் கைதட்டினான். மாணிக்கம் உயிரோடு இருந்தவரை அதைச் சொல்லும்போதெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அப்பா, அம்மா காலத்துக்குப் பிறகு அண்ணனைப் பார்த்துக்கொண்டதும் அந்தக் குடும்பம்தான். நான் வேலைக்கும் கல்யாணத்துக்கும் ஊரைவிட்டுப் போன பின், அறுவடைக்கு அறுவடை வந்து அவன் கூலி போடுவதை வேடிக்கை பார்ப்பேன். இயந்திரம் வந்த பிறகும் நடவுக்கும் களைக்கும் வந்தவர்களுக்கு ஒரு கூம்பு மரக்கால் அவன் கையால் விழும்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தோம். கால் கழுவிய ஈரம்கூடக் காயவில்லை, சித்தப்பா மகன் ஆரம்பித்துவிட்டான். “அக்கா, அந்த வாய்க்கால் நிலத்துக்கு நல்ல பார்ட்டி இருக்கு. மனையாப் போட்டுடலாம். பொம்பள நீங்க எங்க விவசாயம் பாக்கப் போறீங்க? ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா மத்ததை நாங்க பாத்துக்கிறோம்” என்றான். அவன் பின்னாலிருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

என் அண்ணனிடமிருந்து நான் எதை வைத்துக்கொண்டேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. எழுந்து நின்றேன். நெஞ்சில் ஓங்கி அடித்துக்கொண்டேன்.

“என் நிலம்!”

வாசலில் நின்ற செல்வி, அழுது சிவந்த கண்ணோடு, “அக்கா, கூலி யாரு குடுப்பா?” என்று கேட்டாள்.

“நான்தான்” என்றேன்.