ஆனிக் காற்றில் ராயகிரி வரை

நாற்பத்தாறு வயதில்தான் எனக்கு சைக்கிள் ஓட்ட வந்தது. மகள் கல்லூரிக்குப் போனபின், பள்ளியில் அவளுக்குக் கொடுத்த சைக்கிள் வீட்டில் சும்மா நின்றது. விடியற்காலையில் மைதானத்துக்கு உருட்டிப்போய், விழுந்து எழுந்து நானே கற்றுக்கொண்டேன். அடுத்த ஆனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கரன்கோவிலிலிருந்து புளியங்குடி போய் ராயகிரி வழியாகத் திரும்பி வரப்போவதாகச் சொன்னேன்.

கணவர் சிரித்தார். "புளியங்குடியத் தாண்ட மாட்ட. நான் ஸ்கூட்டர்ல பின்னாலயே வாரேன். முடியலன்னா சைக்கிள பஸ்ல ஏத்திருவோம்."

மேற்கே போகப் போக மலைக்காற்று நெஞ்சில் மோதியது. எவ்வளவு மிதித்தாலும் சைக்கிள் நகரவில்லை. ஒவ்வொரு மேட்டிலும் பின்னாலிருந்து குரல் வந்தது: "ஏட்டி, இறங்கி உருட்டு!"

நான் இறங்கவில்லை. மேட்டின் உச்சியில், பாதி மேகம் மூடிய மலை முழு நீளத்துக்கும் தெரிந்தது. இறக்கத்தில் மிதிப்பதை விட்டுவிட்டுச் சத்தம் போட்டுச் சிரித்தேன். சாலையோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

புளியங்குடியில் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு இரண்டு கிளாஸ் குடித்தேன். அவர் பஸ் நிலையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வடக்கே திருப்பினேன்.

ராயகிரிக்குக் கொஞ்சம் முன்னால் ஹாரன் சத்தம் கேட்டு நின்றேன். ஸ்கூட்டரின் பின்சக்கரம் தரையோடு படிந்திருந்தது. சுற்றிலும் வயலும் தென்னையும்தான்.

"நான் ஊருக்குள்ள போய் ஆளக் கூட்டிட்டு வாரேன். நீங்க நிழல்ல உக்காருங்க," என்றேன். அவர் ஒரு தென்னையடியில் போய் உட்கார்ந்தார்.

ராயகிரியில் பஞ்சர் கடை மூடியிருந்தது. வீட்டை விசாரித்துப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த கடைக்காரர் வேர்த்து வழிந்த என்னைப் பார்த்து, "எக்கா, எங்க இருந்து வாறிய?" என்றார். சொன்னதும் கையைக் கழுவிவிட்டு பைக்கை எடுத்தார். நான் அவருக்குப் பின்னாலேயே மிதித்து வந்து சேர்ந்தபோது, என் கணவர் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"சங்கரன்கோவில்ல இருந்து மிதிச்சே வாரா. ஒரு மேட்டுல கூட இறங்கலயே, பாத்துக்கோங்க!"

காதில் விழாதது போல் தண்ணீர் குடித்தேன்.

திரும்பும் வழியில் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது. வெயில் தாழ ஊருக்குள் நுழைந்தோம். எதிர்வீட்டு அண்ணாச்சி, "ரெண்டு பேரும் எங்க போயிட்டு வாறிய?" என்று கேட்டார்.

"அவ போனா. நான் கூடப் போனேன்," என்றார் கணவர்.

மறுநாள் அலுவலகப் படியேறக் கைப்பிடியைப் பிடிக்க வேண்டியிருந்தது. கேட்டவர்களிடமெல்லாம் காரணத்தை விவரமாகச் சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.