வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி

ஊரப்பாக்கத்தில் நாங்கள் வாடகைக்கு இருப்பது மாடி வீடு. கீழே வீட்டுக்காரம்மா இருக்கிறார். எங்கள் வீட்டின் இன்னொரு சாவி அவரிடம் உண்டு. வெள்ளிக்கிழமை விளக்கு வைத்ததும் தன் வீட்டில் சாம்பிராணி போடுவார். பிறகு அதே தூபக்காலோடு மாடியேறி, எங்கள் கதவைத் திறந்து, அறை அறையாகப் புகை காட்டிவிட்டுப் போவார். யார் குடியிருந்தாலும் வீடு தன்னுடையது என்ற நினைப்பு அவருக்கு. குழந்தை பிறக்கும்வரை எனக்கும் அந்த வாசனை பிடித்துத்தான் இருந்தது.

பையனுக்கு மூச்சிரைப்பு வந்தபின், புகையே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சனிக்கிழமை விடிவதற்குள் அவன் நெஞ்சு கர்கர் என்று இழுக்கும். மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

வாடகை ஒப்பந்தத்தில், வீட்டுக்காரர் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று இருக்கிறது. அதைச் சொல்லேன் என்றார் கணவர். வெள்ளிக்கிழமையில் போய்ச் சாம்பிராணி வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் வீட்டுக்காரம்மாவிடம் புகையை விட்டுவிட்டு ஒப்பந்தத்தைப் பற்றி மட்டும் பேசினேன். அவர் முகம் சுருங்கியது. சரி, இனி சொல்லிட்டே வரேன் என்றார்.

சொன்னபடியே செய்தார். படியேறும்போதே, "வந்துகினு கீறேம்மா" என்று குரல் கொடுப்பார். அது முடிவதற்குள் சாவி திரும்பிவிடும். பால் கொடுத்துக்கொண்டிருந்தால் துப்பட்டாவைத் தேடக்கூட நேரம் இருக்காது. அவரைக் குறை சொல்லவும் வழியில்லை. நான் கேட்டதே அதைத்தானே?

ஒரு வெள்ளிக்கிழமை, பையன் காலையிலிருந்தே இருமிக்கொண்டிருந்தான். உள்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டேன். சாவி திரும்பியது. கதவு அசையவில்லை. கதவிடுக்கில் புகை மட்டும் நுழைந்தது.

"இன்னாம்மா, தாப்பா போட்டுகினு கீற?"

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவருகே நின்றேன். வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டால் கணவருக்கு ரயில்வே ஸ்டேஷன் தூரமாகிவிடும் என்ற எண்ணம்தான் முதலில் வந்தது. அதற்குள் பையன் இருமினான்.

"ஆன்ட்டி, இவனுக்குப் புகை ஒத்துக்கல. மூச்சு இழுக்குது. டாக்டர் வேணாம்னுட்டாரு."

சாவியை வெளியே உருவும் சத்தம் கேட்டது.

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? அக்ரிமெண்ட்டு அது இதுன்ன. வூட்ல எதையோ ஒளிச்சு வெச்சுகினு கீறீங்கன்னு நெனச்சுகினேன்."

காலடிச் சத்தம் வேகமாகக் கீழே இறங்கியது. கோபமா, புகையைத் தள்ளிக் கொண்டுபோகும் அவசரமா என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குப் பையன் இழுக்காமல் தூங்கினான். நான்தான் அவர் சொன்னதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை தாழ்ப்பாள் போட எனக்குக் கூச்சமாக இருந்தது. போடவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் குரல் கேட்டது, சாவியும் திரும்பியது. கையில் தூபக்கால் இல்லை. நேராக வந்து, பால் குடித்துக்கொண்டிருந்த பையனைத் தூக்கி, அவன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். இப்போ தேவல என்றார். நான் சுவர்ப்பக்கம் திரும்பி நைட்டியின் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தேன்.